ஏழாவது வளைவில் ஒரு வெள்ளை விரிப்பு

சலவை வண்டி ஓட்டும் அக்காவிடம் மலைப்பாதைக்கு வழி கேட்டால், மற்ற ஓட்டுநர்களைப் போல மைல்கல்லையும் மரத்தையும் அடையாளம் சொல்ல மாட்டாள். “நாலாவது வளைவு வரைக்கும் பாட்டு சுத்தமா இருக்கும். அஞ்சாவதுல கொஞ்சம் கரகரக்கும், பயப்படாதீங்க. ஏழாவதுல கண்ணாடி மாதிரி திரும்பி வந்துடும். எப்போ பாட்டு பட்டுன்னு நிக்குதோ, அப்போ கணவாயைத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்” என்பாள். கேட்டவரின் வண்டியில் ரேடியோ இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்கு அதே பாதைதான். மலைக்கு அப்பால் நான்கு தங்கும் விடுதிகள். காலையில் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மாலையில் அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நகரத்துச் சலவையகத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் அதே சலவையகத்தில் விரிப்பு மடிக்கும் மேசையில் நின்றவள். ஒரு நாள் ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். “யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று முதலாளியம்மா கேட்டார். இவள் கையைத் தூக்கினாள். உண்மையில் ஓட்டத் தெரிந்தது இவளுடைய தம்பிக்கு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் உயிரை வாங்கிக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து ஊருக்கே அவள் வண்டி அக்கா.

வண்டியோடு சேர்ந்து வந்தது ரேடியோ. நகரத்தில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையம் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஐந்து மாடிக் கட்டடம். ஐந்தாவது மாடியில் ஒலிப்பதிவு அறை, மொட்டை மாடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோபுரம். மொத்தம் ஆறு பேர் நடத்தினார்கள். கைபேசியில் கேட்கும் வசதியெல்லாம் அவர்கள் இன்னும் செய்யவில்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காதுக்கும் கேட்கும் என்பது அக்கா தானாகவே கண்டுபிடித்த கணக்கு. “எஃப்.எம். நம்ம முதலாளியம்மா மாதிரி. நேரா பார்க்கும், நேரா வரும். குறுக்க மலை நின்னா சுத்திக்கிட்டு வர்ற பழக்கமெல்லாம் கிடையாது” என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்வாள்.

ஆனால் கணக்குக்கு அடங்காத சில இடங்களும் இருந்தன. நகரத்தில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னலில் நிற்கும்போது, கோபுரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ரேடியோ இரையும். வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினால் சுத்தமாகிவிடும். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்போது இரண்டுமே உருப்படாது; ஒரு முழம் தள்ளினால் சமாதானம் ஆகிவிடும். அந்த ஒரு முழத்துக்காக அவள் முன்னால் நிற்கும் வண்டிகளை ஒட்டி உரசி, பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு இடம் மலைக்குப் பின்னால் இருக்கும் ஓடைப் பாலம். சுற்றிலும் மலை, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் பள்ளம். ஒரு சத்தமும் வரக் கூடாத இடம். ஆனால் ஒரு தடவை அங்கே டயர் பஞ்சராகி நின்றபோது, மெலிதாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அறிவிப்பாளரின் குரல் கேட்டது. கணவாயின் இடுக்கு வழியாக வந்த அலை, எதிரே மொட்டையாக நின்ற பாறையில் பட்டுத் திரும்பி, சரியாகப் பாலத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா ஸ்டெப்னி மாட்டி முடித்த பிறகும் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்படிச் சொட்டுச் சொட்டாக வருவதைப் பிடிக்க நல்ல ஆன்டெனா வேண்டும். வண்டியின் பழைய ஆன்டெனாவை ஒரு மரக்கிளை ஒடித்துப் போட்டுவிட்டது. கடையில் வாங்குவானேன், சலவையகத்தில் இல்லாத கம்பியா? கோட்டு மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, கூரையில் மிஞ்சியிருந்த அடிக்குச்சியில் சொருகிக் கொடுத்தார் அவள் கணவர். சும்மா சொருகவில்லை. வண்டிக்குள் அவளை உட்கார வைத்துவிட்டு, வெளியே குறட்டோடு நின்று, விரல் நுனி அளவு வெட்டுவதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அவள் முகம் மலர்ந்த இடத்தில் குறட்டைக் கீழே வைத்தார். ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகம். அதற்குப் பிறகு பாலத்தில்கூடப் பாட்டு கேட்டது.

அந்த வேலை முழுவதிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவர்.

சலவையகத்தில் அவருக்குக் கறை வைத்தியர் என்று பெயர். எந்தத் துணியில் எந்தக் கறை என்றாலும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். வாயைத் திறக்க வைப்பதுதான் யாராலும் முடியாது. “எங்கண்ணன் ஒரு நாளைக்கு அளந்து இருபது வார்த்தை வச்சிருக்கார் அண்ணி. பதினெட்டு ‘ம்’ல போயிடும்” என்பாள் அவருடைய தங்கை. அக்காவின் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவள் அவள்தான். அண்ணன் மிச்சம் வைத்த வார்த்தைகளையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள் போலிருந்தது.

அப்படிப்பட்டவரை வானொலியில் பேசக் கூப்பிட்டார்கள்.

நிலையத்தின் அறிவிப்பாளரான பெண் ஒரு நாள் தன் வெள்ளைச் சட்டையில் பேனா மை ஒழுகிவிட்டதென்று ஓடிவந்தாள். கறை வைத்தியர் அதை எடுத்துக் கொடுத்தபோது, தொழில் பக்தியில் தன்னை மறந்து மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிவிட்டார். அவள் சும்மா விடுவாளா? “சார், வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணி. அரை மணி நேரம் நேரலை. ஜனங்க கறையைப் பத்திக் கேட்பாங்க, நீங்க பதில் சொல்லணும். வருவீங்கல்ல?” அவர் திகைத்துப்போய்த் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை அவள் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை நிலையத்துக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தவர், சமையலறை வாசலில் நின்றார்.

“அங்க ஒரு ஜன்னல் இருக்கு” என்றார்.

“சரி.”

“மைக்குக்கு நேரா. மலை தெரியுது.”

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அன்றைய இருபதில் அவர் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

“முகம் தெரியாதவங்ககிட்ட எனக்குப் பேச வராது. நாலு மணிக்கு நீ எங்க இருப்பேன்னு சொல்லு. அந்த இடத்தைப் பார்த்துப் பேசுறேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைவிட நீளமாக அவர் எதுவும் கேட்டதில்லை. “ஏழாவது வளைவு. அங்கேருந்து உங்க கோபுரம் அப்படியே தெரியும். ரோடு சுத்துறதுதான் ஒன்பது கிலோமீட்டர், நேர்கோட்டுல மூணுகூட இருக்காது. வெள்ளை வண்டியை ஓரமா நிறுத்திட்டு நிப்பேன். நீங்க ஜன்னல்ல பாருங்க.”

“வரலைன்னா?”

“வருவேன்.”

“வரலைன்னா எனக்குப் பேச வராது” என்றார் அவர். மிரட்டலாகச் சொல்லவில்லை. இந்தத் துணி வெந்நீரில் சுருங்கும் என்பதுபோல, உள்ளதைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காகவே போனது, நான்காவது விடுதி வரைக்கும். அங்கே திடீரென்று சுற்றுலாக் கூட்டம் ஒன்று அறைகளைக் காலி செய்து, அறுபது விரிப்புகளை ஒரே நேரத்தில் மலையாகக் குவித்துவிட்டது. எண்ணி, கட்டி, ஏற்றி முடித்தபோது மணி மூன்று ஐம்பது.

“அண்ணி, பறந்தாலும் ஏழாவது வளைவுக்கு நாலு மணிக்குப் போக முடியாது” என்றாள் நாத்தனார்.

“பாலத்துக்குப் போயிடலாம். பாறை ரேடியோ இருக்குல்ல? அங்க கேட்டுட்டு, பாட்டு போடுற நேரத்துல கணவாயைத் தாண்டிடலாம். ஆரம்பத்துல அவர் எப்படியும் ‘ம்’தான் சொல்லுவார்.”

பாலத்தின் நடுவில், தனக்கு மட்டுமே தெரிந்த இடத்தில், அவள் வண்டியை நிறுத்தினாள். நான்கு மணியாக ஒரு நிமிடம் இருந்தது. ரேடியோவைத் திருப்பினாள். ஓடைச் சத்தமும் ரேடியோவின் இரைச்சலும் ஒன்றாகவே இருந்தன. ஒரு முழம் முன்னே. இரைச்சல். ஒரு முழம் பின்னே. இரைச்சல். சன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள்.

அடிக்குச்சி மட்டும் கட்டை விரலைப்போல நின்றுகொண்டிருந்தது.

“ஏய், ஹேங்கர் எங்கடி?”

நாத்தனார் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருப்பது மழைக்காலத்தில் தூசி பறப்பதுபோல அபூர்வம்.

“உன்னைத்தான் கேக்குறேன்.”

“ரெண்டாவது விடுதியில அந்தக் கோட்டுக்காரர் இருந்தார்ல அண்ணி... அவர் கோட்டுக்கு ஹேங்கர் ஒண்ணு குறைஞ்சது. கையில மடிச்சுக் குடுத்தா முதலாளியம்மா என்னைத் தொலைச்சிடுவாங்கல்ல? அதான்...”

“அதான்?”

“அதைக் கழட்டி, முட்டி வச்சு வளைச்சு, திரும்ப ஹேங்கர் ஆக்கிட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. ஒரு தோள் மட்டும் கொஞ்சம் சாய்வு.”

அக்கா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் சாய்ந்த தோளோடு தொங்கும் அந்தக் கோட்டு கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள்.

“பிடிச்சுக்கோ. கணவாய் வரைக்கும் வாயைத் திறக்காதே.”

“திறக்க மாட்டேன் அண்ணி. அண்ணன் பேசுவாரா அண்ணி? பாவம், வியர்த்துப் போயிருப்பார். காலையில சட்டையைத் தப்பா பொத்தான் போட்டுக்கிட்டுப் போனார், நான் சொல்லவே இல்ல. பேசிடுவார்ல?”

அக்கா வண்டியை விரட்டினாள். அறுபது விரிப்புகளும் பின்னால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. கணவாயின் உச்சியைத் தொட்டபோது மணி நான்கு ஆறு. ரேடியோ தும்மியது. கம்பியில்லாத வெறும் குச்சிக்கு அங்கேயே போதுமான அலை வந்துவிட்டது.

“...டீக்கறைன்னா முதல்ல என்ன சார் செய்யணும்?” அறிவிப்பாளரின் குரல்.

நீளமாக ஒரு மௌனம். பிறகு, “ம்.”

பதினோராவது வளைவில் மலை குறுக்கே வந்து, வெறும் குச்சிக்குக் கிடைத்த கொஞ்சத்தையும் தின்றுவிட்டது. பத்தாவதில் மறுபடி வந்தது. “...சார் கொஞ்சம் கூச்சப்படுறாங்க. உங்க மொத அனுபவத்தைச் சொல்லுங்களேன் சார்?”

“ஆமா.”

“போச்சு” என்று நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “என்ன கேள்விக்கு என்ன பதில் பாருங்க!”

“அவர் என்னைத் தேடிக்கிட்டிருக்கார்டி” என்றாள் அக்கா. “கண்ணு ஜன்னல்ல இருக்கு, காது எங்க இருக்கும்?”

ஒன்பதாவது வளைவில் அறிவிப்பாளர், “ஒரு பாட்டு கேட்டுட்டு வந்துடலாமா நேயர்களே?” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தாலும் அவள் கை பிசைவது கேட்டது. பாட்டு தொடங்கியது. நான்கு நிமிடப் பாட்டு என்று அக்காவுக்குத் தெரியும். எட்டாவது வளைவு. ஏழாவது.

ஏழாவது வளைவில் நகரம் முழுவதும் ஒரு தட்டில் வைத்ததுபோல விரிந்து கிடந்தது. சிவப்பு வெள்ளைக் கோபுரம் தெளிவாக நின்றது. ரேடியோவும் அறைக்குள்ளேயே பாடுவதுபோலத் துல்லியமாகப் பாடியது. ஆனால் அக்கா வழக்கமாக நிறுத்தும் ஓரத்தில், பள்ளத்துப் பக்கமாக, ஜல்லி ஏற்றிய பெரிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மண்ணும் மலையும் அதுவும் ஒரே நிறம். அதற்குப் பின்னால் சலவை வண்டி நின்றால் நகரத்திலிருந்து ஒரு துளியும் தெரியாது.

லாரிக்காரர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பீடி இல்லாத வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்களேன்!”

“எங்கம்மா எடுக்குறது? பிரேக்கு கொதிக்குது. இப்போ எடுத்தா நேரா நகரத்துலதான் போய் இறங்கும். அரை மணி ஆகும்.”

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டது. அக்கா லாரியைப் பார்த்தாள். நகரத்தைப் பார்த்தாள். நகரத்தைப் பார்த்து நின்ற லாரியின் நீண்ட பக்கத்தைப் பார்த்தாள்.

“பின்கதவைத் திற” என்றாள் நாத்தனாரிடம். “பெரிய விரிப்பா மூணு எடு.”

“அழுக்குத் துணி அண்ணி!”

“மூணு கிலோமீட்டர்லேருந்து அழுக்கு தெரியுமா? எடு!”

“ஏம்மா, ஏம்மா!” லாரிக்காரர் எழுந்து வந்தார். “என் லாரிக்கா பெட்ஷீட் போத்துறீங்க? அதுக்குக் காய்ச்சல் எல்லாம் இல்லம்மா, பிரேக்குதான் சூடு!”

“அண்ணே, என் வீட்டுக்காரர் ரேடியோவுல பேசணும். நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தான் வாய் வரும். அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

லாரிக்காரருக்குப் பாதி புரிந்தது. ஆனாலும் முனையைப் பிடித்தார். சக்கரத்தில் ஏறி, கயிற்றுக் கொக்கிகளில் மாட்டி, மூன்று விரிப்புகளையும் அருகருகே தொங்கவிட்டார்கள். இரண்டு பெண்களும் மடிக்கும் மேசையில் பழகிய கைகள். ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்தார்கள். சாயங்கால வெயில் நேரே விழுந்து, கருத்த மலைமேல் யாரோ விளக்கு வைத்ததுபோல வெள்ளை பளீரென்றது.

பாட்டு முடிந்தது.

“மீண்டும் வணக்கம் நேயர்களே” என்றாள் அறிவிப்பாளர். “நம்ம கறை வைத்தியர் சார்கிட்ட...” நின்றுவிட்டாள். “சார்? என்ன சார் பார்க்குறீங்க? சிரிக்கிறீங்க!”

அக்கா இரண்டு கைகளாலும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி ரேடியோப் பக்கம் காதைத் திருப்பினாள்.

“ஒரு விரிப்பு தெரியுது” என்றார் அவர். “மலைமேல. மூணு விரிப்பு.”

“ஆமா சார், எனக்கும் ஏதோ வெள்ளையா தெரியுது. அது என்ன?”

“அது எங்க வீட்டுல” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “டீக்கறை கேட்டீங்க. அந்த மூணுல ஒண்ணுல இடது ஓரத்துல டீக்கறை இருக்கும். எந்த விடுதின்னு சொல்ல மாட்டேன். அங்க வர்றவங்க படுத்துக்கிட்டே டீ குடிப்பாங்க. வெள்ளிக்கிழமைன்னா கண்டிப்பா இருக்கும்.”

நாத்தனார் குனிந்து பார்த்தாள். இடது ஓரத்தில், ஒரு கோப்பையின் வட்டம் அப்படியே அச்சாக இருந்தது. “அண்ணீ!” என்று அவள் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் பிடித்திருந்த முனையை விட்டுவிட்டார்.

“எல்லாரும் உடனே சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்ப்பாங்க. தேய்க்கவே கூடாது. தேய்ச்சா கறை வீடு கட்டிக் குடியேறிடும். பச்சைத் தண்ணியில நனைச்சு, சுத்தமான துணியால ஒத்தி எடுக்கணும். வெளி ஓரத்துலேருந்து நடுவுக்கு வரணும். நடுவுலேருந்து வெளியே போனா, சின்னக் கறை பெரிய கறை ஆயிடும்...”

பேசினார். அணை திறந்ததுபோல இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு வெளியே விடுபவர்போல, நிதானமாகப் பேசினார். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஏன் ஆகாது என்றார். மையைப் பற்றிச் சொல்லும்போது அறிவிப்பாளரின் சட்டைக் கதையைச் சொல்லி அவளையே சிரிக்க வைத்தார். அக்கா விரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கைகள் வலித்தன. கோபுரத்துக்குக் கீழே இருந்த அந்தச் சின்னச் சன்னலை அவளால் பார்க்க முடியவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதைப் பார்த்தே நின்றாள்.

“ஏம்மா, ரேடியோவுல சொல்ற நம்பருக்கு நானும் போன் போடலாமா?” என்றார் லாரிக்காரர். தன் சட்டையில் இருந்த கிரீஸ் திட்டைக் காட்டினார். “என் சம்சாரம் இதுக்காக ஒரு வாரமா முகத்தைத் திருப்பிக்கிட்டிருக்கா.”

மூன்றாவது முயற்சியில் இணைப்பு கிடைத்தது. அவர் “வணக்கம்” என்றதும் வண்டியின் ரேடியோவும் கைபேசியும் சேர்ந்து கீச்சென்று ஊளையிட்டன.

“ரேடியோ சத்தத்தைக் குறைங்க சார்!” என்றாள் அறிவிப்பாளர்.

“குறைச்சீங்கன்னா, பிரேக் சூடு ஆறுனாலும் உங்களை விட மாட்டேன்” என்றாள் அக்கா. லாரிக்காரர் கைபேசியோடு சாலையின் மறுமுனைக்கு ஓடினார். அங்கிருந்து அவர் கத்தியது மலை வழியாக ஒரு முறையும் ரேடியோ வழியாக ஒரு முறையும் கேட்டது: “சார், அந்த விரிப்பு என் லாரிமேலதான் இருக்கு!”

“அப்படியா?” என்றார் கறை வைத்தியர். “அப்போ கிரீஸ் அதுல படாம பார்த்துக்கோங்க. நாளைக்கு நான்தான் வெளுக்கணும்.”

நாத்தனார் சிரித்துச் சிரித்துச் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகப் பவுடரைத் தூவி, எண்ணெயை அது குடிக்கும்வரை ஊற வைத்து, தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசச் சொன்னார் அவர். லாரிக்காரர் அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான்கரை மணிக்கு அறிவிப்பாளர் நன்றி சொன்னாள். “கடைசியா நேயர்களுக்கு ஒரு வார்த்தை சார்?”

“துணியை மடிச்சு உள்ள வை” என்றார் அவர். “பனி இறங்கப் போகுது.”

அக்கா விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். நாத்தனார் மற்ற இரண்டையும் பிடித்தாள். மேசையில் செய்வதுபோலவே ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடித்தார்கள். அழுக்கு விரிப்பை மடிப்பது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சலவையக வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் இன்னும் தப்பாகவே இருந்தது. முதலாளியம்மாவும் மடிக்கும் மேசைப் பெண்களும் சுற்றி நின்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்க, அவர் எல்லாவற்றுக்கும் “ம்” சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி உள்ளே வந்ததும் அக்காவிடம் வந்தார்.

“கேட்டுச்சா?”

“ஒரு வார்த்தை விடாம” என்றாள். கணவாய்க்கு முன்னால் போன ஆறு நிமிடத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் கண் மெல்ல வண்டியின் கூரைக்குப் போனது. மொட்டைக் குச்சியில் நின்றது.

“ஹேங்கர் எங்க?”

“அது கோட்டு போட்டுக்கிட்டு விடுதியில தங்கிடுச்சுண்ணா” என்றாள் அவர் தங்கை, இரண்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அவர் உள்ளே போய் ஒரு புது ஹேங்கரையும் குறட்டையும் எடுத்து வந்தார். அக்கா மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைப் போட்டாள். அவர் கம்பியை நிமிர்த்தி, சொருகி, விரல் நுனி அளவு வெட்டினார், அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு முதல் வெட்டிலேயே சுத்தமாகக் கேட்டது. ஆனாலும் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.